குடும்பத்தோடு தண்ணீரில் ஒரு நாள்: பிச்சாவரமா, முத்துப்பேட்டையா, வெண்ணாறா, ஒகேனக்கல்லா?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று லீவுக்கு ஆற்றில் துடுப்புப் போட்டு வரலாம், முடிந்தால் மலையோடையில் பாறை தாண்டி நடக்கலாம் என்று நினைத்தால் கைக்கெட்டும் தூரத்தில் ஐந்து வழிகள் இருக்கின்றன. பிச்சாவரம் துடுப்புப் படகு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, சொந்தக் கயாக்கோடு (ஓரிருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் சிறு படகு) நம்மூர் கிளையாறு, ஒகேனக்கல் பரிசல், கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலை.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகளும் அறுபது தாண்டியவர்களும் கூட வந்தால் ஒரு நாள் பிச்சாவரம், இன்னொரு நாள் புளியஞ்சோலை. இரண்டையும் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட, நீச்சல் தெரிந்த பிள்ளைகள் மட்டும் என்றால் கிளையாற்றில் கயாக் போடுவது மற்ற நான்கையும் விட நிறைவான வழி. ஆனால் திட்டமிடும் வேலையும் அதற்குத்தான் அதிகம்.

முதலில் தண்ணீரின் நாள்காட்டி

டெல்டாவில் ஆற்றுத் தண்ணீரை நமக்குத் தருவது அணைக் கதவுகள். இங்கே எவ்வளவு மழை பெய்தாலும் வெண்ணாற்றிலோ அரசலாற்றிலோ படகு மிதக்குமா என்பது மேட்டூரில் எவ்வளவு திறந்தார்கள், கல்லணையில் எந்தப் பக்கம் பிரித்தார்கள் என்பதைப் பொறுத்தது. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். நடைமுறையில் தேதி முன்பின் ஆகும். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நான்கு நாள் ஆகும், கடைமடைக்கு அதற்கும் மேல்.

தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் முறை வைத்து விடுவார்கள். இந்த வாரம் காவிரிக்கு, அடுத்த வாரம் வெண்ணாற்றுக்கு என்று போகும். போன சனிக்கிழமை கரை தொட்டு ஓடிய ஆறு இந்தச் சனிக்கிழமை முழங்காலளவு கிடப்பது இதனால்தான். ஆகவே ஒரு மாதம் முன்பே தேதி குறித்து, லாட்ஜ் போட்டு, கயாக்கும் வாடகைக்குச் சொல்லிவைப்பது கிளையாற்றுக்கு ஒத்துவராது. பிச்சாவரத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் இந்தக் கவலை இல்லை. அங்கே கடலும் கழிமுகமும் தண்ணீரை வைத்திருக்கின்றன.

ஒகேனக்கல்லின் கணக்கு இதற்கு நேர் எதிர். தென்மேற்குப் பருவமழையில் கர்நாடக அணைகள் நிரம்பி, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் எல்லையான பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறும்போது அங்கே பரிசலை நிறுத்திவிடுவார்கள். அதே தண்ணீர்தான் மேட்டூரில் சேர்ந்து நம் ஆறுகளை நிரப்புகிறது. நம்மூர் ஆறு நிறைந்து ஓடும் ஜூலை, ஆகஸ்டில் ஒகேனக்கல் போனால் பாலத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம். அங்கே பரிசல் சுகமாக ஓடும் பிப்ரவரி, மார்ச்சில் நம்மூர் ஆற்றில் மணல்தான் கிடக்கும். இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்க நினைப்பவர்கள் ஏமாறும் இடம் இது.

பிச்சாவரமும் முத்துப்பேட்டையும்

பெயருக்கு இரண்டும் அலையாத்திக் காடுகள்தான். குடும்பத்துக்குத் தரும் அனுபவம் வேறு.

பிச்சாவரம் சிதம்பரத்திலிருந்து ஏறக்குறைய 15 கி.மீ. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், சுமார் 1,100 ஹெக்டேரில் கால்வாய்களாகப் பின்னிக் கிடக்கும் காடு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாமில் துடுப்புப் படகும் மோட்டார் படகும் உண்டு. தயங்காமல் துடுப்புப் படகையே எடுங்கள். மோட்டார் படகு அகலக் கால்வாயில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிடும். இருபுறமும் தாங்குவேர்கள் தண்ணீருக்குள் இறங்கி, கிளைகள் தலைக்கு மேல் கூடும் சின்னக் கால்வாய்க்குள் துடுப்புப் படகுதான் நுழையும். அங்கே தண்ணீர் கிட்டத்தட்ட நிற்கிறது, அலை இல்லை. பாட்டியை உட்கார வைத்துக்கொண்டு போக ஐந்தில் இதைவிட நல்ல இடம் இல்லை.

காலையில் முதல் படகிலேயே ஏறிவிடுங்கள். வெயில் மட்டும் காரணம் இல்லை. பகல் ஏறினால் கூட்டம் சேரும். மோட்டார் படகுகளின் அலையும் இரைச்சலும் பறவைகளைக் கலைத்துவிடும். நம் கடற்கரையில் ஓதத்தின் (கடல்நீர் ஏறி வடிவது) ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்றாலும், ஆழமில்லாத கால்வாயில் அந்த அரை மீட்டரே படகு தட்டுமா தட்டாதா என்பதைத் தீர்மானிக்கும். தண்ணீர் ஏறும் நேரத்தில் போனால் உள்ளே அதிக தூரம் போகலாம். படகுக்காரரிடம் முந்தின நாளே போனில் கேட்டால் சொல்லிவிடுவார்.

முத்துப்பேட்டை பரப்பில் பெரியது, தமிழ்நாட்டிலேயே பெரிய அலையாத்திக் காடு. ஜாம்புவானோடைப் பக்கம் படகேறி, கோரையாற்றின் வழியே தெற்கே போய் அகன்ற காயலில் சேர வேண்டும். வெண்கண்டல் மரங்கள்தான் அதிகம், பிச்சாவரத்தைப் போலத் தாங்குவேர்ச் சுரங்கம் கிடையாது. 2018 நவம்பர் 16-ல் வந்த கஜா புயலில் இந்தக் காடு கடுமையாக அடிபட்டது. வனத்துறை அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். போகவும் வரவும் அரை நாள் ஆகும். வழியில் கழிப்பறை இல்லை, காயலில் நிழல் இல்லை. பகல் ஏறியதும் கடற்காற்று திறந்த காயலில் அலை எழுப்பும், அதில் திரும்புவது சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தி வரவைக்கும் பயணம். பறவை பார்ப்பதில் உண்மையான ஆர்வம் உள்ள, பெரிய பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு முத்துப்பேட்டை. மற்றவர்கள் பிச்சாவரம் போகலாம்.

சொந்தத் துடுப்பு: கிளையாறு

ஆற்றைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கழிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கல்லணைக் கால்வாய். தஞ்சாவூர்க்காரர்கள் புதாறு என்பார்களே, அதுதான். பார்ப்பதற்கு நேராக, சுத்தமாக, கயாக்குக்கென்றே வெட்டியதுபோல் இருக்கும். பல இடங்களில் கான்கிரீட் சரிவுக் கரை. பாசி பிடித்த அந்தச் சரிவில், வேகமான தண்ணீரிலிருந்து கைப்பிடி இல்லாமல் வளர்ந்த ஆளாலேயே ஏற முடியாது. இரண்டு, அணைக்கரைக்குக் கீழேயும் சிதம்பரம் பக்கத்திலும் உள்ள கொள்ளிடமும் அதை ஒட்டிய வாய்க்கால்களும். அங்கே முதலை உண்டு. ஊர்க்காரர்கள் ‘இறங்காதே’ என்றால் பேச்சுக்காகச் சொல்வதில்லை.

மிச்சமிருப்பவை வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, திருமலைராஜனாறு, வீரசோழன் போன்றவை. இவற்றில் சில கிலோமீட்டருக்கு ஒரு ரெகுலேட்டர், அதாவது ஷட்டர் வைத்துத் தண்ணீரைத் தடுத்து விடும் மதகு, நிற்கும். ரெகுலேட்டருக்கு மேல்பக்கம் தண்ணீர் தேங்கி ஆழமாக, மெதுவாக இருக்கும். கீழ்ப்பக்கம் ஆழம் குறைந்து வேகமாக ஓடும். உங்களுக்கு வேண்டியது அந்த மேல்பக்கத் தேக்கம். ஆபத்தும் அதன் கடைசியில்தான் இருக்கிறது. ஷட்டருக்கு அடியில் பாய்ந்து வெளியேறும் தண்ணீர் கீழே கான்கிரீட் தளத்தில் மோதி, மேல்பரப்பில் திரும்பவும் ஷட்டரை நோக்கியே சுழலும். அதற்குள் சிக்கிய கட்டையைப் பாருங்கள், மணிக்கணக்கில் அதே இடத்தில் உருண்டுகொண்டிருக்கும். ஆளும் அப்படித்தான், லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும்.

அதனால் நாங்கள் சொல்லும் முறை இது. ரெகுலேட்டருக்குக் குறைந்தது 500 மீட்டர் மேலே ஒரு படித்துறையைப் பிடியுங்கள். அங்கிருந்து எதிர்நீச்சலாக மேற்கே ஏறி, திரும்பும்போது ஓட்டத்தோடு அதே துறைக்கு வந்து கரையேறுங்கள். துறையைத் தாண்டிக் கீழே போகக் கூடாது. துறைக்கு நூறு மீட்டர் கீழே ஒரு பெரியவர் மிதக்கும் கயிற்றோடு நிற்க வேண்டும். படகுகள் எல்லாம் கரையேறும் வரை அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். மீன் பிடிக்கவோ ரீல்ஸ் எடுக்கவோ கூடாது.

ஓட்டத்தின் வேகத்தை அளப்பது எளிது. கரையில் இருபது மீட்டர் அளந்து இரண்டு குச்சி நடுங்கள். தேங்காய் மட்டை ஒன்றை நடு ஆற்றில் எறிந்து நேரம் பாருங்கள். நாற்பது விநாடிக்கு மேல் எடுத்தால் மணிக்கு 1.8 கி.மீ. அல்லது அதற்கும் குறைவு, குடும்பத்துக்குச் சரி. இருபது விநாடியில் கடந்தால் மணிக்கு 3.6 கி.மீ. பழக்கமில்லாதவர் போடும் துடுப்பின் வேகமே மணிக்கு நான்குதான், ஆகவே அன்று ஏறவே முடியாது. மூட்டை கட்டிவிடலாம். 1.8 ஓட்டத்தில் ஒரு மணி நேரம் ஏறினால் ஏறக்குறைய 2 கி.மீ. போவீர்கள், திரும்ப அரை மணி நேரம்கூட ஆகாது. களைத்த கைக்கு ஓட்டம் துணை செய்யும் என்பதால்தான் ஏறுவதை முதலில் வைக்கிறோம். கீழே போய்விட்டுத் திரும்பி ஏறுபவர்கள்தான் பாதி வழியில் மாட்டிக்கொள்வார்கள்.

நேரம் காலை ஆறரையிலிருந்து ஒன்பதரைக்குள். நம் ஆறுகள் கிழக்கே ஓடுகின்றன, பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. பதினொரு மணிக்கு மேல் திரும்பினால் காற்று முகத்தில் அடிக்கும். எடை இல்லாத ரப்பர் கயாக்கைத் தண்ணீர் கிழக்கே இழுக்க, காற்று குறுக்கே திருப்பிக் கரைப் புதரில் கொண்டுபோய்ச் செருகும்.

புதர் என்றதும் அடுத்த விஷயம். டெல்டா ஆற்றில் படகு கவிழ்வது பெரும்பாலும் கரையோரத்தில். சாய்ந்த கருவேலங்கிளை, காட்டாமணக்குப் புதர், மீன்வலை கட்டிய குச்சி, பாலத்தூண் இவற்றில் படகு குறுக்கே போய் ஒட்டும். ஓட்டம் அது வரும் பக்கத்து விளிம்பை அமுக்கும், தண்ணீர் உள்ளே ஏறும். அப்போது எல்லோருக்கும் தோன்றுவது மோதிய பக்கத்திலிருந்து விலகிச் சாய்வது. அப்படிச் சாய்ந்தால் உடனே கவிழும். மோதிய கிளையின் பக்கமே உடம்பைச் சாய்த்து, அதைக் கையால் தள்ளி, படகின் மூக்கைத் திருப்ப வேண்டும். பிள்ளைகளுக்கு இதைக் கரையில் படகை வைத்துப் பத்து முறை செய்ய வையுங்கள். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, கால்விரல்கள் மேலே தெரிய, கால் முன்னே போகும்படி மிதக்கச் சொல்லுங்கள். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்கக் கூடாது, கல்லிடுக்கில் கால் மாட்டினால் ஓட்டம் முகம் குப்புறத் தள்ளிவிடும். மணல் அள்ளிய பள்ளங்கள் இன்னொரு கெடுதி. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடியில் தலை மூழ்கும். ஆகவே இறங்கி விளையாடுவது படித்துறையில் மட்டும், ஜாக்கெட்டோடு.

இறங்கும் முன் ரெகுலேட்டரில் ஷட்டரை இயக்கும் ஊழியரான லஸ்கரைப் பார்த்து மூன்று விஷயம் கேளுங்கள்: இன்று ஷட்டர் ஏற்றப் போகிறார்களா, மேலே இருக்கும் ரெகுலேட்டரில் என்ன உத்தரவு, ஆற்றின் இந்தப் பகுதியில் மணல் எடுத்த இடம் எது. நீர்வளத்துறைப் பிரிவு அலுவலகத்திலும் முன்னாலேயே சொல்லி அனுமதி கேட்டுவிடுங்கள். ஆடிப்பெருக்கு அன்றும் அதற்கு முன்பின் நாட்களிலும் கயாக் வேண்டாம், துறையெல்லாம் கூட்டமாக இருக்கும்.

எந்தப் படகு? மேலே திறந்த நீளப் படகான கேனோ பார்க்க அழகு, சுமையும் நன்றாகத் தாங்கும். ஆனால் நம் பக்கம் வாடகைக்குக் கிடைப்பது அரிது, பிள்ளை ஒன்று எழுந்து நின்றாலே ஆடிவிடும். காற்றடைக்கும் கயாக் காரின் டிக்கியில் அடங்கும், எடையும் குறைவு. அதன் எதிரி கருவேல முள். ஒட்டுப்போடும் பொருளோடுதான் கிளம்ப வேண்டும். முழுக் காற்றோடு கரையில் வெயிலில் போட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போனால், உள்ளே காற்று விரிந்து தையல் பிரியும். கரையில் வைக்கும்போது கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். மேலே உட்காரும் வகைக் கெட்டிப் பிளாஸ்டிக் கயாக் முப்பது கிலோ பக்கம் இருக்கும், கரையிலிருந்து இறக்க இருவர் வேண்டும். ஆனால் முள்ளுக்கு அஞ்சாது, தண்ணீர் உள்ளே தேங்காது, கவிழ்ந்தால் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். எங்கள் ஓட்டு இதற்கே: பின்னால் பெரியவர், முன்னால் பிள்ளை. எந்தக் கயாக்கானாலும் அதில் எழுதியிருக்கும் எடையில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். விளிம்பு தண்ணீரோடு சமமாகிவிட்டால் திருப்பவே வராது.

ஒகேனக்கல்

குறுகிய பாறைப் பள்ளத்தாக்குக்குள் ஆற்றோடு போகும் அனுபவம் வேண்டும், ஆனால் கயிறு கட்டி இறங்கும் வித்தை தெரியாது என்றால் ஒகேனக்கல்தான். இருபுறமும் பாறைச் சுவர், நடுவில் வட்டப் பரிசல். துடுப்பு பரிசல்காரர் கையில் இருக்கும், லைஃப் ஜாக்கெட் கட்டாயம். பிள்ளைகளுக்கு ‘கேன்யன்’ பார்த்த திருப்தி இங்கேதான் கிடைக்கும். தஞ்சாவூரிலிருந்து முந்நூறு கி.மீ. அளவு, ஆகவே இரண்டு இரவுத் தங்கலோடு போடுங்கள். கிளம்பும் நாள் காலையில் செய்தியில் பிலிகுண்டுலு நீர்வரத்தையும், பரிசலுக்கு மாவட்ட நிர்வாகம் தடை போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். தடை இருந்தும் ‘வேறு வழியாகக் கூட்டிப்போகிறேன்’ என்று யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். பரிசலுக்குள் யாரும் எழுந்து நிற்கக் கூடாது, செல்ஃபிக்காகவும்.

மலையோடை: புளியஞ்சோலை, கொல்லிமலை

பாறையில் கயிறு கட்டி அருவி வழியே இறங்கும் உண்மையான கேன்யனிங்கைக் குடும்பத்தோடு இங்கே செய்யாதீர்கள். அதற்கு இரண்டு தனித்தனி நங்கூரப் பிடிகள், நீளாத 9 முதல் 10 மி.மீ. கயிறு, ஹார்னஸ், தலைக்கவசம், தண்ணீரில் கயிறு சிக்கினால் விடுவிக்கத் தெரிந்த வழிகாட்டி எல்லாம் வேண்டும். நடுவில் ஒரு பிள்ளை பயந்து நின்றால் மேலேயும் ஏற முடியாது, கீழேயும் இறங்க முடியாது. யூடியூப் பார்த்து வாங்கிய கயிறு இதற்கு உதவாது.

அதற்குப் பதிலாக ஓடை நடை. திருச்சியிலிருந்து துறையூர் வழியாக 70 கி.மீ. பக்கத்தில் கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலை. கொல்லிமலையிலிருந்து இறங்கும் ஐயாறு பாறைகளுக்கிடையே சின்னச் சின்னக் குட்டைகளாக விழுகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் தண்ணீர் தெளிந்து இருக்கும். கோடையில் வற்றிவிடும், கனமழை நாட்களில் உள்ளே விடமாட்டார்கள். ஆகாயகங்கை அருவி இதே ஐயாற்றின் மேல்பகுதி, சுமார் 300 அடி. அதை அடைய ஆயிரத்துக்கும் மேல் படி இறங்க வேண்டும். இறங்கும்போது யாருக்கும் வலி தெரியாது. ஏறும்போது முட்டி பிடித்தவர்கள் பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள். மலைச்சாலையின் எழுபது கொண்டையூசி வளைவும் சேர்த்தால் பெரியவர்களுக்கு ஒரே நாளில் அது அதிகம். புளியஞ்சோலையில் அவர்கள் கரையிலேயே இருந்துகொள்ளலாம்.

ஓடையில் செருப்பு வேண்டாம். காலோடு கட்டிய ரப்பர் அடிப்பாகம் உள்ள கேன்வாஸ் ஷூ போதும். ஈரப்பாறையில் கறுப்பாக மினுங்கும் இடம் பாசி, சொரசொரப்பாக வெளிறித் தெரிவது பிடிமானம். குட்டைக்குள் குதிக்கக் கூடாது. அடியில் பாறை இருப்பது மேலிருந்து தெரியாது. பெரியவர் ஒருவர் முன்னே, ஒருவர் கடைசியில். பிள்ளைகள் நடுவில். மலை மேல் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும். தண்ணீர் கலங்கல், மிதந்துவரும் சருகு கூடுதல், ஓடையின் சத்தம் தடித்தல் இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் பொருளை விட்டுவிட்டு அருகிலுள்ள கரைமேட்டில் ஏறுங்கள். வந்த வழியே ஓடையோடு திரும்பி நடக்காதீர்கள்.

எங்கே போனாலும்

லைஃப் ஜாக்கெட்டைப் பிள்ளை அளவில் சொந்தமாக வாங்கிவிடுங்கள். படகுத்துறைகளில் எல்லா அளவும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நீச்சல் தெரிந்தவருக்கு 50 நியூட்டன் மிதப்பு போதும், தெரியாதவருக்கு 100. மாட்டி, கொக்கியெல்லாம் போட்டபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். காதுவரை ஏறினால் பெரிய அளவு. ஆறு வயதுக்குக் கீழே கால் இடுக்கு வார் இல்லாததை வாங்காதீர்கள். உள்ளே தெர்மாகோல் உடைந்து பொடிபொடியாகக் கையில் தட்டுப்படும் பழைய ஜாக்கெட் வெறும் சட்டைதான்.

வீசும் கயிறு 15 மீட்டர், பாலிபுரொப்பிலீன். நைலான் கயிறு மூழ்கிவிடும். கயிற்றின் நுனியில் ஐந்து லிட்டர் காலி கேன் கட்டி, அதில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டால் குறி பார்த்து எறிய வரும், மிதக்கவும் செய்யும். காலில் வெட்டு, கீறல் இருந்தால் ஊருக்குள் ஓடும் ஆற்றில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அப்படித்தான் ஏறும். போய்வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி வந்தால் ஆற்றில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லுங்கள். குடிக்க ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏறும் துறை, திரும்பும் இடம், திரும்ப வேண்டிய நேரம் மூன்றையும் வீட்டில் இருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள். 108-க்கோ 112-க்கோ அழைத்தால் முதல் கேள்வி ‘எந்த இடம்’ என்பதுதான். நடு ஆற்றுக்குப் பெயர் கிடையாது. கடந்த பாலம் எந்த ஊர், எந்தக் கரை, வடகரையா தென்கரையா என்று பதில் தயாராக இருக்கட்டும். வெண்ணாற்றின் வடகரைக்கு வர வேண்டிய ஆம்புலன்ஸ் தென்கரையில் வந்து நின்றால், அடுத்த பாலத்தைச் சுற்றி வர அரை மணி நேரம் போய்விடும்.